தீயில்லாத அடுப்பு

பென்னாகரம் பக்கத்து வீடு ஒன்றில் போன மாதம் மைக்ரோவேவ் ஓவன் குடியேறியது. அனுப்பியவன் பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன். ஆயா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனில் கேட்டார்: "ஏண்டா சாமி, இதுல தீ எங்க இருக்குது?"

நியாயமான கேள்விதான். உள்ளே இருப்பது மேக்னட்ரான் என்ற குழாய். அது கிளப்பும் அலை நொடிக்கு 245 கோடி முறை ஆடுகிறது. கூடவே ஆட முயன்று, உணவிலுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் சூடாகிவிடுகின்றன. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடாருக்கான மேக்னட்ரான் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியது. அதிலிருந்து பிறந்த யோசனை. 1947இல் கடைக்கு வந்த முதல் ஓவன் ஏறக்குறைய ஆறடி உயரம், 340 கிலோ எடை. பேரன் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் லாரி பிடித்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் பாத்திரம். உலோகம் ஆகாது என்றான் பேரன். ஆயாவின் சமையலறையிலோ சொம்பு முதல் தூக்குப்போசி வரை எல்லாம் எவர்சில்வர், அதிலும் பெயர் வெட்டியது. தேடியதில் அகப்பட்டது யாரோ கல்யாணத்துக்கு வைத்துக் கொடுத்த ஒற்றைப் பீங்கான் கோப்பை. விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. கோடுதானே என்று பாலை ஊற்றி வைத்தார். உள்ளே தீபாவளி! பொறி பறந்ததும் ஆயா ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். செய்ததில் தப்பே இல்லை. மறுவாரம் கண்ணாடிக் கிண்ணம் வந்தது.

ஓவன் ஓடும்போது இன்றும் அவர் திண்ணையில்தான் நிற்கிறார். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். கதவு வலையின் ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர்; அதில் அலை புகுந்து வெளியே வர வழியில்லை. கதவைத் திறந்தால் அலையும் நின்றுவிடும். கதவு கோணாமல் சரியாக மூடும்வரை காரிமங்கலத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் ஆயா, "நீ நில்லு" என்கிறார்.

முட்டையை ஓட்டோடு வைக்காதே, வெடிக்கும். உருளைக்கிழங்கு, கத்திரிக்காயைக் குத்திவிட்டு வை என்று பேரன் பாடம் எடுத்தபோதுதான் ஆயாவுக்குக் கோபமே வந்தது. "கத்திரிக்காயைச் சுடறதுக்கு முன்னால கத்தியில குத்தணும்னு எனக்கே சொல்றியா?" நீராவிக்கு வழி விட வேண்டும் என்பது அவர் மாமியார் காலத்துச் சட்டம். மூடியை இறுக்காதே என்பதும் அப்படித்தான்.

அவருக்கும் புதிதாக இருந்தது வெந்நீர் சமாசாரம். வழவழப்பான கோப்பையில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் ஒரு குமிழிகூட விடாமல் சாதுவாக நிற்கும். தேயிலையைப் போட்டதும் மூஞ்சியில் பொங்கும். சூடாக்கும் முன்பே மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் அடங்கும். "அமுக்கமான ஆளுங்களும் இப்பிடித்தான்" என்று பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

கடைசியில் தானாகவே ஒரு பரீட்சை வைத்தார்: ராத்திரி மிஞ்சிய ராகிக் களி உருண்டை. வெளியே கை சுட்டது, நடுவே ஜில்லென்று இருந்தது. அலை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அவ்வளவாக உள்ளே போகாது. உடைத்துப் போட்டு, பாதியில் எடுத்து நன்றாகக் கிண்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும் என்றான் பேரன்.

"அப்ப களி கிண்டுறது நானு, பேரு மட்டும் அந்தப் பொட்டிக்கா?"