பெட்டியிலேயே போட்டிருக்கு!

செயலாளர்: ஏம்ப்பா, வேப்பங்கன்னு வரைக்கும் ஓஸ் எட்டலைங்கறாங்களே? 100 அடி! பெட்டியிலேயே போட்டிருக்கு!

பிளம்பர்: விரிஞ்ச நீளத்தைப் போட்டிருக்கான் சார். உள்ளே ரப்பர் டியூப், மேலே துணி உறை. தண்ணி அழுத்தினா மூணு மடங்கு நீளும். அழுத்தலைன்னா 33 அடியில சுருண்டு கிடக்கும்.

செயலாளர்: அழுத்தாமலா இருக்கோம்? கடைக்காரருக்கு மூணு நினைவூட்டல் கடிதம் போயாச்சு.

பிளம்பர்: கடிதத்துக்கு விரியாது சார். மாடித் தொட்டிக்கும் இந்தக் குழாய்க்கும் உயரம் 9 மீட்டர். 10 மீட்டர் உயரத்துக்கே ஒரு பார் அழுத்தம்தான். இந்த ஓஸ் ஒழுங்கா நீள மூணு பார் பக்கம் வேணும்.

செயலாளர்: அதுக்கு என்ன வழி?

பிளம்பர்: தொட்டிய இன்னும் ஏழு மாடி மேலே தூக்கணும்.

செயலாளர்: பொதுக்குழுவில் வைக்கிறேன்.

(குறித்துக்கொள்கிறார். கிண்டலுக்கென்று தீர்மானப் புத்தகத்தில் தனிப் பக்கம் கிடையாது.)

பிளம்பர்: நுனியில ஸ்ப்ரே கன் இருந்து தண்ணிய மறிச்சாத்தான் உள்ள அழுத்தமாவது நிக்கும். அதையும் கழட்டி உங்க கார் கழுவ எடுத்துட்டுப் போயிட்டாங்க.

செயலாளர்: ஓஸ் திறப்பு விழா அன்னிக்கு மட்டும் எப்படி விரிஞ்சுது? ரிப்பனைத் தாண்டிப் போச்சே! ஃபோட்டோ இருக்கு.

பிளம்பர்: அன்னிக்கு நேரா போர் மோட்டார்ல மாட்டினீங்க. சிறப்பு விருந்தினர் வந்து கன்னை அமுக்கட்டும்னு அதை மூடியே வச்சிட்டு மோட்டாரை ஓட விட்டீங்க. தண்ணி எங்க சார் போகும்? அவர் நீர்ச் சிக்கனம் பத்திப் பேச வாயெடுத்தார், உள்டியூப் கிழிஞ்சுது. துணி உறை எலி முழுங்கின பாம்பு மாதிரி உப்பி, முன்வரிசையையே குளிப்பாட்டி விட்டுது.

செயலாளர்: அதுக்குத்தானே உடனே மாற்று ஓஸ் வாங்கினோம். முறைப்படி மூணு கொட்டேஷன்!

பிளம்பர்: மூணும் ஒரே கடை சார். லெட்டர்பேடுதான் மூணு. பித்தளை மூட்டு வச்சது கேட்டேன், விலை குறைச்சல்னு பிளாஸ்டிக் வாங்கினீங்க. வேலை முடிஞ்சா தண்ணிய வடிச்சு நிழல்ல மாட்டச் சொன்னேன். ரப்பர் வெயில் தாங்காது. இப்ப எங்க கிடக்கு பாருங்க, சிமெண்ட் தரையில, உச்சி வெயில்ல.

செயலாளர்: எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் ஏற்றதுன்னு பெட்டியிலேயே போட்டிருக்கு!

பிளம்பர்: அப்ப பெட்டியை எடுத்து ஊத்துங்க சார்! குழாய்லேருந்து அந்த வேப்பங்கன்னு 40 அடி. இந்தச் சங்கத்துல ஒருத்தர் காலால அளந்து பார்த்தீங்களா? நூல் பின்னல் போட்ட சாதாரண பச்சை ஓஸ், அரை இஞ்ச், 50 அடி. அழுத்தம் இருந்தாலும் இல்லாட்டியும் போய்ச் சேர்ந்திருக்கும். விழாப் பந்தல் காசுல நாலஞ்சு வாங்கியிருக்கலாம். இந்தச் சித்திரை வெயில்ல இன்னிக்கும் வாட்ச்மேன் பொண்டாட்டிதான் குடத்துல சுமந்து ஊத்துது. இடுப்பு வலிக்குதுய்யான்னு வந்து நின்னதுக்கு, “அதான் ஓஸ் வாங்கிக் கொடுத்தாச்சே”ன்னு அனுப்பினீங்க. வெக்கமா இல்லையா சார்?

(தோட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. செயலாளர் தொண்டையைச் செருமுகிறார்.)

செயலாளர்: கோபப்படாதப்பா. உன் யோசனையை நான் மதிக்கிறேன். ஆக, 50 அடி போதும்ங்கறே?

பிளம்பர்: தாராளமாப் போதும்.

செயலாளர்: நல்லது. இதே ஓஸ்ல 150 அடி வாங்கிடுவோம். விரியாட்டியும் 50 அடி நிச்சயம்!

பிளம்பர்: ...இதுக்கும் விழா உண்டா சார்?

செயலாளர்: பின்னே? 150 அடிய்யா! பெட்டியிலேயே போட்டிருப்பான்!