கையில் இருக்கும் ஆட்டம்

கேள்வி: இணையமே இல்லாத பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளை இன்றும் பலர் தேடி வாங்குவது ஏன்?

பதில்: வாங்கிய ஆட்டம் வாங்கியவரின் கையிலேயே இருப்பதுதான் முதற்காரணம்; அக்கருவிகளுள் சில பேட்டரியில் நெடுநேரம் ஓடுவது இன்னொன்று. 1989இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் பாய், குன்பெய் யோகோயின் தலைமையில் உருவானது. விலை குறைந்து, குறைநிறை தெரிந்துவிட்ட பழைய தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே அவருடைய கொள்கையாதலால், வண்ணமில்லாத திரையோடு வந்த அக்கருவி, நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. மறு ஆண்டு வண்ணத்திரையோடு வந்த சேகா நிறுவனத்தின் கேம் கியரோ ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது.

கார்ட்ரிட்ஜ் எனப்படும், ஆட்டத்தின் நிரல் முழுவதையும் தாங்கிய சிறு பெட்டியைச் செருகி விசையைத் தள்ளினால் சில நொடிகளில் ஆடத் தொடங்கலாம். கடவுச்சொல், புதுப்பிப்பு, விளம்பரம் எதுவும் குறுக்கே வராது. இணையத்தைச் சார்ந்த ஆட்டத்திலோ, வீட்டை விற்றவரே சாவியையும் வைத்திருக்கிறார். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தின் சர்வர்கள், அதாவது தொலைவிலிருந்து அதை இயக்கிய கணினிகள், 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியாமற்போனது. தொலைவிலுள்ள நண்பரோடு ஆடும் இன்பத்தை இணையமே தந்தது. அதற்காகத் தனியாட்டத்தையும் பூட்டுவது அநீதி.

பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பலவற்றில் சேமித்த ஆட்ட நிலை அழியாமல் காப்பது உள்ளிருக்கும் நாணய வடிவப் பேட்டரியே; அது தீர்ந்திருந்தால் மாற்றிய பிறகே ஆடத் தொடங்குக.