மாப்ளே பிரேக்குக்கு ஏர் எடுக்கிறார்

வாங்க மாப்ளே, ஸ்பேனரும் கையுமா நிக்கிறீக! மெக்கானிக்குக்குத் தண்டம் அழமாட்டேன், பிரேக்குக்கு நானே ஏர் எடுப்பேன்னு சபதமாமே? சீட் கவருக்கும் பாட்டுப்பொட்டிக்கும் எறைச்ச காசை எங்கயாச்சும் பிடிக்கணும்ல, பிரேக்குல பிடிங்க.

மிதிச்சா பெடல் பஞ்சாட்டம் அமுங்குதுன்னா குழாய்க்குள்ள காத்து பூந்திருக்கு. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும். உங்க மிதியெல்லாம் காத்தை நசுக்கவே சரியாப் போகுது.

பரண்ல ஒரு டப்பா பிரேக் ஆயில் திறந்தபடி கிடக்குமே, அதையே ஊத்துங்களேன்! அது ஈரம் குடிச்சிருக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி தாங்கும். ஈரம் சேந்தது 140-லயே கொதிக்கலாம். கொடைக்கானல் இறக்கத்துல அது ஆவியாகி, பெடல் தரையில படுத்துக்கும். அப்ப ஹாரனை நல்லா அடிங்க, புதுசா மாத்தினதுதானே.

இனி காத்தை வெளியே விடுற நிப்பிள். ரப்பர் மூடி எந்தக் காலத்துல தொலைஞ்சதோ, சேறும் துருவும் அடைச்சுக் கிடக்கு. முனை பிளந்த ஸ்பேனரைப் போட்டுத் தம் கட்டி இழுங்க, ஆறு பட்டையும் வழிச்சுக்கிட்டு வந்துரும். இன்னும் கொஞ்சம் வீரத்தைக் காட்டினா பாதி உள்ளயே ஒடிஞ்சு நிக்கும். நிப்பிள் காசை மிச்சம் பிடிச்சவர் காலிப்பர் வாங்கின கதையை ஊரே பேசும்.

அவமானம் வேண்டாம்னா முந்தின ராத்திரியே துரு இளக்குற ஆயிலை அடிச்சு ஊறவிடுங்க. ஆறு பட்டையையும் கவ்வுற பாக்ஸ் ஸ்பேனர் எடுங்க. சுத்தியலால மெல்லத் தட்டி, முதல்ல இம்மி இறுக்கிட்டு அப்புறம் தளர்த்துங்க. முனையோ மரையோ தேஞ்சிருந்தா, பழசைக் கடைக்குக் கொண்டுபோயி அதே மரை, அதே நீளத்துல புதுசு வாங்குங்க. தண்ணிக்குழாய்க்குச் சுத்துற வெள்ளை டேப்பை இதுக்குச் சுத்தாதீக. கசிவை அடைக்கிறது மரை இல்லை, அடியில உக்காருற கூம்பு முனை.

தம்பியைப் பெடல்ல உக்கார வைங்க, செல்போனைப் பிடுங்கிட்டு. அவன் மிதிச்சுப் பிடிக்கணும், நீங்க திறக்கணும். குமிழி வரும். நீங்க மூடின பிறகுதான் அவன் காலை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா வெளியே போன காத்தை வெத்தலை பாக்கு வச்சு உள்ள கூப்பிட்டதாகும். நிப்பிள்ல மாட்டுற, கண்ணாடியாட்டம் உள்ள தெரியுற டியூப்போட மறு முனை, பாட்டில் ஆயில்ல முங்கியிருக்கட்டும். மேல பிரேக் ஆயில் டேங்கு வத்தவே கூடாது. வத்தினா மொத வேலையிலிருந்து ஆரம்பிங்க. பழைய வண்டியில பெரும்பாலும் தூரத்துச் சக்கரம்தான் முதல்ல, நம்ம ஊர் வண்டிக்கு அது இடப்பக்கப் பின்சக்கரம். ஏபிஎஸ் இருந்தா கம்பெனிப் புத்தகம் சொல்றபடி செய்யுங்க. பெயிண்டுல ஆயில் சிந்தினா உடனே தண்ணி விட்டுக் கழுவுங்க, இல்லைன்னா பெயிண்டு உரிஞ்சுரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுத்துராதீக, ஸ்டாண்டு வைங்க.

எல்லாம் முடிச்சு, பெடல் கெட்டியா நின்னு, நிப்பிள் கசியலைன்னு பாத்துக்கிட்டு, தெருமுனை வரைக்கும் நீங்க மட்டும் மெதுவா ஓட்டிப் பாருங்க. அதுவரைக்கும் உங்க அம்மாவை வண்டியில ஏத்தாதீக மாப்ளே. எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி.