உமிழ்நீருக்கும் ஷிப்ட் உண்டு

ஒரகடம் ஆலைகளில் கார் பாடியைத் தொட்டியில் முக்கித் துருவைத் தடுக்கிறார்கள். குழந்தையின் பல்லுக்கு அப்படி ஒரு பூச்சு கிடையாதா?

உண்டு, புளோரைடு வார்னிஷ் எனப்படும் அதனைப் பல் மருத்துவர் பொதுவாக ஆண்டுக்கு 2 முறை தூரிகையால் பூசுவார், பிள்ளையை முக்க வேண்டியதில்லை. துருப்பிடித்த தகடு தன்னைத்தானே சீர்செய்துகொள்ளாது, பல்லோ ஓரளவு செய்துகொள்ளும்: பாக்டீரியா சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலம், பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கரைத்தெடுக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உமிழ்நீர் மீண்டும் படியவைப்பதால், குழி விழாத வெண்புள்ளி நிலையிலேயே சொத்தை பின்வாங்கக்கூடும். அதற்கு இடைவேளை வேண்டும். மணிக்கொரு பிஸ்கட் நீட்டப்படும் வீட்டில் அது கிடைப்பதில்லை.

பால் பல் விழத்தானே போகிறது?
(ஸ்ரீபெரும்புதூர் வாசகி)

பால் கடைவாய்ப் பற்கள் 9 முதல் 12 வயதில்தான் விழும் எனும்போது, 6 வயதில் சொத்தையானதை வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு வரை மெல்லப்போவது யார்? அவை முன்கூட்டியே போனால், நிரந்தரப் பற்களுக்கான இடமும் குறுகும்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வரும் அப்பா, தூங்கும் பிள்ளையை எழுப்பிச் சாக்லேட் கொடுக்கலாமா?

அப்பாவின் ஷிப்ட் வாரந்தோறும் மாறலாம், உமிழ்நீரின் ஷிப்ட் மாறாது; உறக்கத்தில் அதன் சுரப்பு வெகுவாகக் குறைவதால், பல்லில் ஒட்டிய இனிப்பு விடியும்வரை கேட்பாரின்றி அமிலமாகும். சாக்லேட் மறுநாள் மதியச் சோற்றுக்குப் பின் வரட்டும். படுக்குமுன் கடைசியாக வாய்க்குள் போகவேண்டியது, 3 வயதுக்குட்பட்டோருக்கு அரிசியளவும் 3 முதல் 6 வயதினருக்குப் பட்டாணியளவும் உள்ள புளோரைடு பற்பசை, அதுவும் விழுங்குவதற்கன்று.