நிறுத்தியல்: கச்சேரிக்குப் போனவர் வண்டியை எங்கே விட்டார்?

1. ஆய்வின் தேவை

தமிழிசையைப் பற்றி எழுதியவர்கள் பண்களை வகுத்தார்கள், தாளங்களை அடுக்கினார்கள், யாழின் நரம்புகளைக்கூட எண்ணி வைத்தார்கள். கேட்க வந்தவர் வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்பதை மட்டும் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. இந்தக் குறையைப் போக்கவே ‘நிறுத்தியல்’ என்னும் புதுத் துறை இங்கே அறிமுகமாகிறது. நிறுத்தியலாவது, பெருங்கச்சேரிக்கு வருகிறவர் வண்டியை நிறுத்தும் இடம், நிறுத்தும் விதம், நள்ளிரவில் அதைத் தேடி அலையும் விதம் ஆகிய மூன்றையும் ஆராய்வது.

2. ஆய்வுக்களம்

களமாக எடுத்துக்கொண்டவை பெரம்பலூரும் அரியலூரும். இரண்டுக்கும் இத்துறையில் பிறவிப் பொருத்தம் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பவும் ஒட்டிக்கொண்டது. 2007இல் மீண்டும் பிரிந்தது. வாசல் வரை வந்து, சாவியை மறந்துவிட்டு உள்ளே ஓடி, எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே வரும் ரசிகரின் நடை இது.

இன்னொரு பொருத்தம் மண்ணுக்கடியில் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. கடல் வெளியேறிவிட்டது; அதனோடு வந்த நத்தையும் சிப்பியும் வெளியேற வழி கிடைக்காமல் அப்படியே கல்லாகிவிட்டன. அவற்றை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். வெளியேறும் வழியைத் திட்டமிடாமல் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது கடினம்.

மூன்றாவது, ரயில். அரியலூரில் ரயில் நிலையம் உண்டு. பெரம்பலூர் நகருக்கு ரயிலே கிடையாது. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலைதான் அதற்கு எல்லாமும். 2025 ஜனவரியில் ‘கோல்ட்ப்ளே’ குழு அகமதாபாத்தில் பாடியபோது மும்பையிலிருந்து ரசிகர்களுக்கென்றே சிறப்பு ரயில் விட்டார்கள். பெரம்பலூர்க்காரருக்குச் சிறப்பு ரயில் விட வேண்டுமென்றால் முதலில் தண்டவாளம் போட வேண்டும்.

3. முன்னோர் சான்றுகள்

இத்துறையின் முதல் அறிஞர் முதலாம் ராஜேந்திர சோழன். கங்கைக்குப் போன சோழப்படை ஆறுகளைக் கடந்த விதத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது: யானைகளை ஆற்றில் வரிசையாக நிறுத்தி, அவற்றையே பாலமாக்கிப் படை கடந்ததாம். நிறுத்தியலார் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இன்றைக்கு வண்டியை நிறுத்தினால் போக்குவரத்து நின்றுவிடுகிறது. அன்றைக்கு நிறுத்தியதால்தான் போக்குவரத்தே நடந்தது. கங்கை நீர் வந்து சோழகங்கமாகிய பொன்னேரியில் சேர்ந்தது. ‘சுங்கச்சாவடியில் தாமதம்’ என்ற குறிப்பு செப்பேட்டில் இல்லை.

அதே ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில்தான் அரியலூர் மாவட்டத்தின் அண்மைக்கால முக்கியக் கச்சேரியும் நடந்தது. 2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாள். கோயில் வளாகத்தில் இளையராஜா குழுவினர் திருவாசகப் பாடல்களை இசைத்தார்கள்; பிரதமர் நரேந்திர மோடி உட்கார்ந்து கேட்டார்; ராஜேந்திரன் பெயரில் நினைவு நாணயமும் வெளியானது. பிரதமர் திருச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். இதிலிருந்து நிறுத்தியலின் முதல் விதி கிடைக்கிறது: கச்சேரிக்கு வருகிறவர்களில் இடம் தேடாமல் நிறுத்துகிறவர் வானத்திலிருந்து வருகிறவரே. மற்றவர்கள் ஜெயங்கொண்டம் சாலையிலும் மீன்சுருட்டிச் சாலையிலும் தரைமார்க்கமாக வரக் கடமைப்பட்டவர்கள்.

எதிர்ச்சான்று ஒன்றும் தேவை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 12இல் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய் அன்று நடந்தது. கூட்டமும் வண்டிகளும் சாலையை அடைத்துக்கொண்டன. முதலமைச்சரின் வாகனமே நெரிசலில் சிக்கியது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போகமுடியாமல் வீடு திரும்பினார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்து, அவர்களின் டிக்கெட் நகலைக் கேட்டு வாங்கினார். மேடையில் எல்லாச் சுருதியும் சேர்ந்திருந்தும் சாலையில் சேரவில்லை. நிகழ்ச்சியின் பெயரை வைத்தவருக்கு அன்றைய இரவு முன்கூட்டியே தெரிந்திருக்குமோ என்ற ஐயம் ஆய்வாளரை இன்றும் விடவில்லை.

4. அளவைகள்

எந்த அறிவியலுக்கும் ஓர் அலகு வேண்டும். நிறுத்தியலுக்கு அதை இந்தியச் சாலைப் பேராயம் எப்போதோ செய்து வைத்துவிட்டது. சாலையில் ஓடும் ஒவ்வொன்றையும் அது காராக மாற்றி எண்ணுகிறது. கார் 1 என்றால் மோட்டார் சைக்கிள் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, டிராக்டர் 1.5, பின்னால் டிரெய்லர் இருந்தால் 4.5, இலகுரகச் சரக்கு வண்டி 1.5. கட்டை வண்டி 8. ஆம், எட்டு கார் அடைக்கும் சாலையை ஒரு ஜோடி மாடு அடைக்கிறது.

திறந்தவெளியில் ஒரு காரை நிறுத்தி எடுக்க 23 சதுர மீட்டர் வேண்டும் என்பது இந்திய நகர்த் திட்டமிடலில் வழங்கும் கணக்கு. இதை ஊர்க்கணக்காக்கினால் ஒரு சென்ட்டுக்கு ஒன்றே முக்கால் கார், ஏக்கருக்கு 176. சின்ன வெங்காயம் போட்டால் எவ்வளவு, கார் போட்டால் எவ்வளவு என்று வயல்காரர் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

இப்போது ஒரு கற்பனைக் கச்சேரி. பெரம்பலூருக்கு வெளியே ஒரு மைதானம், 20,000 ரசிகர்கள்.

எல்லாரும் காருக்கு நாலு பேராக வந்தால் 5,000 கார். சாலைச் சுமை 5,000. நிறுத்த 28 ஏக்கருக்கு மேல் வேண்டும். எல்லாரும் பைக்கில் இரண்டிரண்டு பேராக வந்தால் 10,000 பைக். சுமை அதே 5,000. ‘நாங்க பைக்லதானே வர்றோம்’ என்னும் இளைஞர் வாதம் இங்கே முறியடிக்கப்படுகிறது. பஸ்ஸுக்கு ஐம்பது பேர் வந்தால் 400 பஸ். சுமை 1,200 மட்டும். மரபைக் காக்க எண்ணிக் கட்டை வண்டிக்கு எட்டுப் பேராகக் கிளம்பினால் 2,500 வண்டி, சுமை 20,000. அதாவது தலைக்கு ஒரு கார். குட்டியானை என்று ஊரே அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் இருபது பேரை ஏற்றினால் 1,000 வண்டி, சுமை 1,500. எண் அழகாகத்தான் இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றச் சட்டம் இடம் தராததால் இம்முடிவைப் பொதுநலன் கருதி ஒதுக்கிவைக்கிறோம்.

5. காலக்கணக்கு: வருகையும் வெளியேற்றமும்

வருகிறவர்கள் மத்தியானத்திலிருந்தே சிதறிச் சிதறி வருவார்கள். முன்வரிசைக்கு ஆசைப்பட்டவர் நாலு மணிக்கு, கைக்குழந்தைக்காரர் ஆறு மணிக்கு, ‘முதல் பாட்டு எப்படியும் சாமி பாட்டுதான்’ என்று தெரிந்தவர் ஏழரைக்கு. போகிறபோது மட்டும் இருபதாயிரம் பேரும் ஒரே நொடியில் வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள்.

மைதானத்துக்கு ஒரே வாசல். ஒரு கார் வெளியேற ஐந்து வினாடி. யாரும் யாரையும் முறைக்கவில்லை, வாசலில் யாரும் கண்ணாடியை இறக்கி வழி கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 5,000 கார் வெளியேற 25,000 வினாடி. ஏறக்குறைய ஏழு மணி நேரம். பத்து மணிக்குக் கச்சேரி முடிந்தால் கடைசிக் கார் விடிகாலை ஐந்துக்குப் பால்வண்டியோடு சேர்ந்து பெரம்பலூர் நான்கு ரோடு சந்திப்பைத் தொடும். அந்நேரம் அரியலூர்ப் பக்கமிருந்து சிமென்ட் லாரிகளும் வந்து சேரும், ஒவ்வொன்றும் மூன்று.

இந்தக் கணக்கை ரசிகர்கள் உள்ளுணர்வால் அறிந்திருக்கிறார்கள். அதனால் விளைவதே ‘முன்னெழுச்சி’. கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டின் சரணத்தில் ஒருவர் எழுந்து சட்டையைத் தட்டுவார். அவரைப் பார்த்துப் பத்துப் பேர் எழுவார்கள். கடைசிப் பாட்டின்போது பாதிப் பேர் வாகன நிறுத்தத்தில் இருப்பார்கள். எல்லாரும் நெரிசலைத் தவிர்க்க முன்னதாகக் கிளம்பியதால் நெரிசல் முன்னதாகத் தொடங்கும்; பாட்டும் போய்விடும்.

6. மொழியியல் குறிப்புகள்

‘ஓரம்’ என்பது நிறுத்தியலின் மிகச் சிக்கலான சொல். ‘ஓரமாதான் சார் போட்டிருக்கேன்’ என்பவரின் வண்டி சாலையின் மூன்றில் ஒரு பங்கை ஆக்கிரமித்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ தடையோ உண்டாகும்படி வண்டியை விட்டுப் போகக் கூடாது என்கிறது. ஓரம் எங்கே முடிகிறது என்று அது வரையறுக்கவில்லை.

‘ரெண்டே நிமிஷம்’ என்பது கால அளவு அன்று; மன்னிப்பு. இதற்கும் கடிகாரத்துக்கும் தொடர்பு காண முயன்று ஆய்வாளர் தோற்றார்.

‘நம்ம பையன்தான் பாத்துக்குவான்’ என்பதில் வரும் பையன் யார் என்பது கச்சேரி முடிந்தபின் யாருக்கும் தெரிவதில்லை.

7. பரிந்துரைகள்

முதலாவது, வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி ஆளை மட்டும் உள்ளே விடுவது. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. கார்த்திகை தீபத்துக்கு நகருக்குள் வரும் ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையமும் கார் நிறுத்தமும் அமைத்து, அங்கிருந்து மக்களை நடத்தியோ பஸ்ஸிலோ கூட்டிப்போகிறார்கள். பெரம்பலூர்க் கச்சேரிக்கு வடக்கேயிருந்து வருகிற கார்களை வேப்பந்தட்டைப் பக்கமும், திருச்சியிலிருந்து வருகிறவற்றைச் சிறுவாச்சூர்ப் பக்கமும் மடக்கலாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பெரும்பாலும் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். எனவே கச்சேரியைச் சனிக்கிழமை வைத்தால் அம்மனுக்கும் இடைஞ்சல் இல்லை.

இரண்டாவது, டிக்கெட்டையே பஸ் டிக்கெட்டாக்குவது. சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்டங்களுக்கு 2023இல் மெட்ரோ ரயிலிலும் 2024இல் மாநகரப் பேருந்திலும் ஆட்ட டிக்கெட்டைக் காட்டி இலவசமாகப் போனார்கள். அரியலூர் ரயிலடியிலிருந்து மைதானத்துக்கும், கச்சேரி முடிந்தபின் மைதானத்திலிருந்து ரயிலடிக்கும் பஸ் விட்டால், தண்டவாளம் இல்லாத குறை பாதி தீரும். ‘முடிந்தபின்’ என்பதை அடிக்கோடிட வேண்டும்; கொண்டுவந்து சேர்த்த பஸ் திரும்பவும் வரும் என்று தெரிந்தால்தான் ஆள் காரை வீட்டில் விட்டு வருவார்.

மூன்றாவது, மண்ணைப் பார்ப்பது. பெரம்பலூரின் பல பகுதிகள் கரிசல். ஆடியில் ஒரு மழை பெய்தால் வயலில் நிறுத்திய காரைக் கரிசல் விடாது; மீட்க டிராக்டர் வர வேண்டும். டிராக்டர் 1.5. அறுவடை முடிந்து மண் இறுகிய பங்குனி, சித்திரையே நிறுத்தியலுக்கு உகந்த பருவம்.

நான்காவது, வரிசைகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிடாமை. நள்ளிரவில் எல்லா எழுத்தும் ஒன்றுபோல் தெரியும். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, முந்திரி என்று அவ்வூர் விளைச்சலின் பெயரை வைத்து, மேலே ஒரு விளக்கும் கட்டினால் ‘வண்டி முந்திரியிலதான் நிக்குது’ என்று வீட்டுக்காரம்மாவாவது நினைவில் வைத்திருப்பார்.

8. எஞ்சியவை

கட்டை வண்டி, கைவண்டி, சைக்கிள் ரிக்ஷா வரை எல்லாவற்றுக்கும் எண் தந்த சாலைப் பேராயத்தின் அட்டவணையில், சோழப்படையைக் கங்கை வரை கொண்டுபோய்ச் சேர்த்த யானைக்கு எண் இல்லை. குட்டியானைக்கு 1.5.