விசுக்கோத்துச் சுடுகிற மருமகனுக்கு

மருமோன், மார்கழி பிறந்திட்டுது. குசினிப் பக்கம் உங்கடை நடமாட்டம் கூடுறதைப் பாத்தே நான் நாள் அறிஞ்சிடுவன். பிள்ளையளுக்கு ஒரே நிறச் சுவெட்டரும் வந்து சேர்ந்திட்டுது. "மேப்பிள் விசுக்கோத்து எங்கடை குடும்பப் பாரம்பரியம், மாமா" எண்டு போன வருஷம் எனக்கு விளங்கப்படுத்தினியள். கடைசிப் பேரனுக்குப் பல்லு முளைக்கேக்கை தொடங்கின பாரம்பரியம். குறையாச் சொல்லேல்லை. சுவரிலை முருகன் பாத்துக்கொண்டு நிக்க, பக்கத்திலை கிறிஸ்மஸ் மரம் மின்னுது. அவரே ஒண்டும் கதைக்கேல்லை, நான் ஆர் கதைக்கிறதுக்கு?

ஆனால் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கு. உங்களுக்குப் படிப்பு இருக்கு, எனக்குப் பனை இருக்கு.

முதலிலை பாணியைப் பற்றிக் கதைப்பம். கடையிலை இரண்டு சாதிப் போத்தல் நிக்கும். மலிவான போத்தலுக்குள்ளை இருக்கிறது சோளப்பாணி. மேப்பிள் வாசம் பூசி விட்டிருப்பினம், மரத்தைக் கண்ணாலும் கண்டிராது. மற்றதின்ரை விலையைப் பாத்தால் நெஞ்சு அடைக்கும். ஏன் அந்த விலை எண்டு கேளுங்கோ. மேப்பிள் மரம் வடிக்கிற நீரிலை இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். 40 லீட்டரை வத்தக் காய்ச்சினால் 1 லீட்டர் பாணி மிஞ்சும். எங்கடை கருப்பநீரிலை நூற்றுக்குப் பத்துக்கு மேலை இனிப்பு. அதுக்கே என்ரை அப்பு பொழுதுபட மட்டும் அடுப்படியிலை குந்தியிருப்பார். இங்கத்தை மரம் கஞ்சன். அதுவும் எல்லா நாளும் வடிக்காது. இரவிலை உறையவேணும், பகலிலை இளகவேணும், அப்பதான் நீர் ஓடும். பங்குனி, சித்திரையிலை அந்தக் கூத்து. மார்கழியிலை நீங்கள் மேப்பிள் கொண்டாடுறியள், மரமெண்டால் நல்ல நித்திரை.

பாணி பதத்துக்கு வர, தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேலை 4 பாகை போகவேணும். இப்ப அதுக்கெல்லாம் மானி இருக்கு. அப்பு தாச்சியிலையிருந்து அகப்பையைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சு, விளிம்பிலை தொங்கிற சொட்டைத்தான் பாப்பார். சொட்டுச் சொட்டா விழுந்தால் இன்னும் காயவேணும். இரண்டு சொட்டு ஒண்டு சேர்ந்து, விழ மனமில்லாமல் தொங்கினால், "இறக்கு" எண்டு ஒரு சத்தம். பிந்தினால் குட்டானுக்குள்ளை ஊத்தின பனங்கட்டி கருகல் மணக்கும். இந்த நாட்டுப் பழைய பாணிக்காரரும் கரண்டி விளிம்பைத்தான் பாத்தவையாம். வெள்ளைக்காரர் கப்பலிலை வந்திறங்க முதலே அனிஷினாபே சனமும் ஹோடினோஷோனி சனமும் இந்த மரத்திலை சீனி எடுத்தவை. அவையளிட்டைப் பழகித்தான் வந்தவை காய்ச்சத் தொடங்கினது. ஆகையாலை, பாரம்பரியத்தை இரவல் வாங்கிறதிலை உங்களுக்கு முன்னாலை நீண்ட வரிசை நிக்குது, வெக்கப்படாதேங்கோ.

போத்தலிலை எல்லாத்துக்கும் 'ஏ' தரம் எண்டுதான் போட்டிருக்கும். அதை விட்டிட்டு நிறத்தைப் படியுங்கோ. பொன்நிறப் பாணி பருவத்தின்ரை தொடக்கத்திலை வடிச்சது. பாக்க வடிவு, ஆனால் மாவும் கராம்பும் கூடினால் அதின்ரை ருசி போன இடம் தெரியாது. பருவம் முடியிற நேரத்துப் பாணி கறுத்திருக்கும், மணமும் தடிப்பு. போறணைச் சூட்டுக்கு அதுதான் ஈடு குடுக்கும். நிறம் பாத்து எடுக்கிற வருத்தம் எங்கடை சனத்துக்கு நெடுங்காலமா இருக்கு. இந்த ஒரு சாமானிலையாவது மாத்திப் பிடியுங்கோ.

இனிக் கறுவா. போன முறை நீங்கள் போட்டது கறுவா இல்லை, அதின்ரை ஒண்டுவிட்ட தமையன். இங்கத்தைப் பெரிய கடையள் விக்கிறது பெரும்பாலும் அந்தத் தமையனைத்தான். பட்டை தடிப்பு, ஒரே சுருள், உரல் இல்லாமல் உடையாது, நாக்கிலை உறைக்கும். இலங்கைக் கறுவா மெல்லிய தோல், ஒண்டுக்குள்ளை ஒண்டா அடுக்கடுக்காச் சுருண்டிருக்கும், விரலாலை நொருக்கலாம். ஸ்காபரோவிலை தமிழ்க்கடையிலை கேட்டு வாங்குங்கோ. அது காலி, மாத்தறைப் பக்கத்துச் சாமான், யாழ்ப்பாணத்திலை விளையாது. வெள்ளைக்காரருக்குப் பெருமை அடிக்கேக்கை அந்தப் பகுதியை நான் விட்டிடுவன், நீங்களும் விட்டிடுங்கோ. வேர்க்கொம்பைப் புதுசா இடிச்சுப் போடுங்கோ. சாதிக்காயைச் சுரண்டிச் சுரண்டி மட்டாப் போடுங்கோ. கராம்பிலை கையை அடக்குங்கோ. கூடினால் தின்னிறவைக்குப் பல்வைத்தியரின்ரை கதிரைதான் ஞாபகம் வரும்.

மாக் குழைக்கிறதிலைதான் உங்களுக்குக் கஷ்டகாலம். சீனிக்குப் பதிலாப் பாணியை ஊத்தினால் மா இளகும், இளகின மா போறணைக்குள்ளை பரவும். போன வருஷம் பன்னிரண்டா உள்ளை போனது ஒண்டா வெளியாலை வந்தது. ஐக்கியம் நல்லதுதான், எங்கடை சங்கங்களுக்குத் தேவை, விசுக்கோத்துக்கு வேண்டாம். பாணி ஊத்துற அளவுக்கு மற்ற ஈரத்தைக் குறையுங்கோ. குழைச்ச மாவை ஒரு இரவு குளிரிலை வையுங்கோ, பட்டர் இறுகட்டும். பிரிஜ்ஜிலை இடமில்லையெண்டால் பல்கனி இருக்கு, கனடா அரசாங்கம் குளிருக்குக் காசு கேக்கேல்லை. நல்லா மூடி, மேலை பாரம் வையுங்கோ. ஸ்காபரோ ரக்கூனுக்கும் ஒரு பாரம்பரியம் இருக்கு.

போறணைச் சூடு 175 பாகை, பத்து நிமிஷம் வரை எண்டு புத்தகத்திலை இருக்கும். ஒவ்வொரு போறணைக்கும் ஒவ்வொரு குணம். ஓரம் இறுகி, நடு இன்னும் மெத்தெண்டு இருக்கேக்கையே வெளியாலை எடுங்கோ, மிச்சத்தைச் சூட்டுத் தட்டே பாத்துக்கொள்ளும். முதல் ஈட்டிலை நாலஞ்சு மட்டும் போட்டுப் பாக்கிறது புத்தி. அதைக் கடிச்சுப் பதம் சொல்ல வயதும் அனுபவமும் உள்ள ஒரு ஆள் வேணும். வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

"அப்பாவுக்குச் சலரோகம்" எண்டு மகள் துள்ளுவா. மெய்தான். டொக்டர் சீனி கூடாதெண்டு சொன்னவர். மரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கேல்லை. பாணியும் சீனியும் இரத்தத்துக்கு ஒண்டுதான் எண்டு நீங்கள் போனிலை தேடிக் காட்டுவியள். அப்பிடியான ஆழமான விசயங்களைத் தைப்பொங்கலுக்குப் பிறகு ஆறுதலாக் கதைப்பம்.

பிள்ளையளைப் படம் பிடிக்க மட்டும் கூப்பிடாதேங்கோ. பச்சை மா தின்னக் குடுக்காதேங்கோ, வயித்துக்குக் கூடாது. ஆனால் சுட்ட முதல் தட்டை மேசையிலை ஆறவிட்டிட்டு, போன் வந்தமாதிரி நைசா வெளியாலை போங்கோ. திரும்பி வரேக்கை ரண்டு மூண்டு குறைஞ்சிருக்கவேணும். குறையேல்லையெண்டால் வளர்ப்பிலைதான் பிழை.

களவெண்ட உடனை முகத்தைச் சுழிக்காதேங்கோ. உலகத்து மேப்பிள் பாணியிலை பத்துக்கு ஏழு பங்கு கியூபெக்கிலைதான் காய்ச்சினம். விளைச்சல் குறையிற வருஷத்துக்கெண்டு பீப்பாய் பீப்பாயாச் சேமிச்சும் வைச்சிருக்கினம். 2011க்கும் 2012க்கும் இடையிலை அந்தச் சேமிப்பிலை கிட்டத்தட்ட 3,000 தொன் களவு போச்சுது. பெறுமதி 1 கோடி 80 இலட்சம் டொலர் வரும். கள்ளர் பாணியை உறிஞ்சிப்போட்டுப் பீப்பாய்க்குள்ளை தண்ணி நிரப்பி, திரும்ப அடுக்கி வைச்சவை. பிறகு அலுப்பு வந்து வெறும் பீப்பாயாவே விட்டிட்டினம். கணக்கெடுக்க வந்த மனிசன் மேலை ஏற, பீப்பாய் ஆடிச்சுது, அவர் விழப் பாத்தார். அதோடை குட்டு வெளிச்சுது. இவ்வளவு பெரிய வேலை செய்தவை ஒரு பாரம் வைக்கிற அலுப்பிலை பிடிபட்டிருக்கினம், பாருங்கோ.

அந்தப் பிழையை நான் விடமாட்டன். டின்னை மேல்தட்டிலை வையாதேங்கோ, எனக்கு முழங்கால் நோ. கீழ்த்தட்டிலை, மூடி இறுக்காமல் வைச்சால் போதும். அடியிலை கடுதாசி மடிச்சு வைச்சு உயர்த்துறதும், மேல் வரிசையைப் பரவலா அடுக்குறதும் என்ரை பொறுப்பு. எண்ணிப் பாக்காமல் விடுறது உங்கடை பொறுப்பு. மகள் கேட்டால் ரக்கூன் எண்டு சொல்லுங்கோ.