சந்திசேகரர்

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராக இருக்கலாம். பொறியியல் படித்துவிட்டு யாப்பிலக்கணத்தில் விழுந்தவராகவும் இருக்கலாம். ஊருக்கு ஊர் அவர் பெயர் மாறும். நம் வசதிக்குச் சந்திசேகரர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பக் குழு, குடியிருப்போர் குழு, பழைய மாணவர் குழு என்று எந்த வாட்ஸாப் குழுவை எடுத்தாலும் அவர்களில் ஒருவராவது இருப்பார். காலை வணக்கம் போடமாட்டார். பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்பமாட்டார். ஆள் இருக்கிறாரா என்றே யாருக்கும் நினைவிருக்காது. யாராவது ஒரு 'ப்' விட்டால் போதும், ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் தெரியும்.

குழுவில் பெரியவர் ஒருவர் காலமான செய்தி வருகிறது. முதலாமவர் 'ஆழ்ந்த இறங்கல்' என்று போடுகிறார். துக்கத்தில் சொந்தமாக எழுதுவானேன் என்று அடுத்தவர் அதையே எடுத்து ஒட்டுகிறார். இருபது பேர் வரிசையாக இறங்கியபின் சந்திசேகரர் வருகிறார். ஒரு நட்சத்திரக் குறி, ஒரே சொல்: '*இரங்கல்'. பிறகு விளக்கம்: "இரங்குதல் என்றால் வருந்துதல். இறங்குதல் என்றால் கீழே வருதல். அது மாடிப்படியில் செய்வது." இறந்தவரின் மகன், வந்த செய்திக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்த வேகத்தில், இதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டான். தம் தொண்டுக்குக் கிடைத்த நன்றி என்று சந்திசேகரர் அதை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரிதான். அவரிடம் உள்ள பெரிய சங்கடமே இதுதான்: பெரும்பாலும் சரியாகவே சொல்லித் தொலைப்பார். உணவகப் பலகைகளில் 'பொறித்த மீன்' என்று எழுதுகிறோம். பொறிப்பது கல்லிலும் செப்பேட்டிலும் செய்கிற வேலை. எண்ணெயில் போட்டு எடுப்பது பொரிப்பது. சந்திசேகரர் கல்லாவில் போய் நின்று, "மீனில் என்ன பொறித்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார். "மசாலாதான் சார், வேறென்ன?" என்பார் கடைக்காரர். 'சுவற்றில் எழுதாதீர்' என்று எழுதிய சுவரைப் பார்த்தால், சுவர் என்பது 'இல்' சேரும்போது சுவரில் என்றுதான் ஆகும் என்று வழிப்போக்கரை நிறுத்திச் சொல்வார். பத்திரிக்கையில் ஒரு 'க்' அதிகம், கோர்வையில் ஒரு 'ர்' அதிகம், அருகாமையில் 'ஆமை' அதிகம். பட்டியல் நீளும்.

வல்லினம் மிகுவதை வெறும் அலங்காரம் என்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் அஸ்திரம் அழகானது. தந்த பலகை யாரோ கொடுத்தது; தந்தப் பலகை யானை கொடுத்தது. மருந்துக் கடையில் மருந்து விற்பார்கள். மருந்து கடை என்றால் யாரோ உங்களை மத்தெடுக்கச் சொல்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல இயலாது.

ஆனால் அஸ்திரத்தை எப்போது எடுப்பது என்று ஒன்று இருக்கிறது. அண்ணன் மகள் தன் கல்யாண அழைப்பிதழைக் குழுவில் போடுகிறாள். தமிழ்நாட்டில் பாதி அழைப்பிதழ்களில் உள்ளபடி அதிலும் 'திருவளர்ச்செல்வி'. வளர்செல்வி வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது.

"ச் வரக் கூடாதும்மா" என்று எழுதுகிறார்.

"சரி சித்தப்பா, ச் வரவேண்டாம். நீங்க வருவீங்கதானே?"

சந்திசேகரரை அடக்கக்கூடியவர் உலகில் ஒருவர்தான்: இன்னொரு சந்திசேகரர். ஒரே குழுவில் இருவர் இருந்துவிட்டால், ஒரு குழந்தையின் பிறந்தநாளன்று யுத்தம் தொடங்கும். 'வாழ்த்துக்கள்' என்று யாரோ போட்டிருப்பார்கள். கள் என்பது பன்மை விகுதி, க் சேர்த்தால் பனைமரத்துக் கள் ஆகிவிடும் என்பார் முதலாமவர். பூக்கள், பசுக்கள் என்கிறோமே, அதைக் குடித்து யாருக்குப் போதை ஏறியது என்பார் இரண்டாமவர். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்று எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் அவர் காட்ட, அவை சொல்லும் சொல்லும் சேர்ந்தவை, விகுதிக்கு அது பொருந்தாது என்பார் இவர். சீமான் எடுத்த படத்தின் பெயரே 'வாழ்த்துகள்'தான் என்று நடுவில் ஒருவர் சாட்சி சொல்ல வருவார். இருவரும் சேர்ந்து அவரைத் துரத்துவார்கள். குழந்தைக்குக் கடைசிவரை வாழ்த்து சேராது.

இந்தக் குணம் நேற்று முளைத்ததன்று. பிறர் செய்யுளில் பிழை கேட்டால் சீத்தலைச் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வாராம். புண்ணில் சீழ் வைத்ததால் சீத்தலை என்று பெயர் வந்ததாம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் கதையை விட மனம் வரவில்லை. வில்லிபுத்தூராரோ வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுப்பாராம். அருணகிரிநாதரிடம் தோற்ற பிறகுதான் விட்டாராம். இதுவும் கதைதான். என்றாலும் பிழை பொறுக்காதவர்களில் இரண்டு குலம் உண்டு என்பதற்கு இவை போதும்: தன் தலையில் குத்திக்கொள்ளும் குலம், அடுத்தவர் காதை அறுக்கும் குலம். சந்திசேகரர் எந்தக் குலம் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் கொம்பைச் சுழித்துக் காட்டிய பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. ரகரத்துக்கும் காலுக்கும்கூட வேறுபாடு தெரியாது. உ.வே.சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகளை ஒப்பிட்டுத்தான் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஏடெழுதியவனைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்குச் சிந்தாமணி கிடைத்திராது. போகட்டும், நேற்றுவரை சரியாக இருந்ததே இன்று மாறிவிடுவதும் உண்டு. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய ணை, லை, னை முதலிய எழுத்து வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஏற்றது. அதுவரை தும்பிக்கை போட்ட பழைய 'னை'தான் பள்ளிக்கூடத்தில் சரி.

இப்போது பாதிப் பிழை மனிதருடையதே அன்று, கைப்பேசியுடையது. ஆங்கில 'என்' ஒன்றைத் தட்டிவிட்டு ன, ண, ந மூன்றில் எது விழுகிறதோ என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அத்தை ஒருவர் பேத்தியிடம் தட்டக் கற்றுக்கொண்டு, தாம் செய்த வத்தக்குழம்பைப் பற்றிக் குழுவில் நான்கு வரி எழுதினார். சந்திசேகரர் அதில் ஆறு பிழை கண்டுபிடித்து எண் போட்டு அனுப்பினார். அத்தை அதற்குப் பிறகு எழுதவில்லை. ரோஜாப்பூப் படம் மட்டும் அனுப்புகிறார்.

அவசரத்தில் சந்திசேகரருக்கும் கை சறுக்கும். 'எழுத்து பிழைகளை தவிர்க்கவும்' என்று ஒருநாள் அறிவுரை போட்டார். 'எழுத்துப் பிழைகளைத் தவிர்க்கவும்' என்று இருந்திருக்க வேண்டும். மூன்று சொல்லில் இரண்டு ஒற்று போயிற்று. ஆஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஜான் பாங்சண்ட் 1992-இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்: பிறர் எழுத்தைக் குறைகூறி எழுதினால், எழுதியதில் ஒரு பிழை இருந்தே தீரும். மர்ஃபி விதியின் எழுத்தைக் கலைத்து மஃப்ரி விதி என்று அதற்குப் பெயரும் வைத்தார். அரசாங்கமும் இதற்குத் தப்பவில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி ஆணை வெளியிட்டது. வேலூரைத் திருத்திய விதத்தில், ஆங்கிலம் படித்தவர்கள் அதை 'வீலூர்' என்று வாசித்தார்கள். மாநிலமே சந்திசேகரராக மாறிக் குறைகூறியது; சில நாள்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நன்னூலின் புணரியலைக் கரைத்துக் குடித்தவர் நம்மவர். அதற்கு முன்னால் இருக்கும் பாயிரத்தைத்தான் புரட்டியதில்லை. ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்று பவணந்தி முனிவர் அங்கே நான்கு உவமை வைத்திருக்கிறார். போட்ட ஒழுங்கில்லாமல் கொட்டும் கழற்குடம்: ஒரே மூச்சில் ஆறு பிழை அனுப்புகிறவர். தானாக விழுந்தால் அன்றி ஏறிப் பறிக்க விடாத மடற்பனை: 'பிழை உள்ளது' என்று மட்டும் சொல்லி, எங்கே என்று கேட்டால் 'தேடிப் பாருங்கள்' என்பவர். பருத்திக் குண்டிகையும் முடத்தெங்கும் மற்ற இரண்டு. அவர்களும் குழுவில் இருக்கிறார்கள்.

இன்னும் தள்ளிப் போனால் சொல்லதிகாரத்தில் வழுவமைதி வரும். பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்பது திணைவழு. அன்பினால் சொன்னது என்பதால் இலக்கணமே அதை ஏற்றுக்கொள்கிறது. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்றும், செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதற்கு மங்கலம் என்றும் பெயர் வைத்து அவற்றையும் அது இலக்கணத்தில் சேர்த்தது. துக்கச் செய்தியின் நடுவே ஒற்றைச் சொல்லும் நட்சத்திரமும் போடுகிறவருக்கு இலக்கணம் தெரியும் என்று எப்படி ஒப்புக்கொள்வது? பாதி தெரியும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இத்தனைக்கும் அவர் வீணான ஆள் அல்லர். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி, வாணி போன்ற திருத்திகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் கல்யாண அச்சகத்தில் மெய்ப்பு கைக்கு வரும் அந்த அரை மணி நேரத்தில், தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' விட்டுப்போனதையும் மண்டபத்தின் பெயரில் ழகரம் இடம்மாறியதையும் ஒருசேரப் பார்க்கச் சந்திசேகரரைப் போல ஆள் கிடையாது. ஆகவே உங்கள் வீட்டில் விசேஷம் என்றால், அழைப்பிதழ் அச்சேறும் முன்பே அவரைக் கூப்பிட்டு, ஒரு காப்பியும் சிவப்புப் பேனாவும் கொடுத்து உட்காரவையுங்கள். ஆயிரம் பிரதி அச்சடித்து வந்த பிறகு மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள்.